நேரடி மேற்பார்வை

ஜூலை 3 | 09:10 | ஒருவழித் தாமதம்: 20 நிமிடம்

சரக்குக் கப்பல். பயணி ஒருவர். பெயர் உமையாள், வயது முப்பத்து நான்கு. வியாழனின் நிலவான கலிஸ்டோவில் உள்ள பனிநீர்த் தளத்துக்கு வேதியியல் ஆய்வகப் பயிற்றுநராகப் போய்க்கொண்டிருக்கிறேன். தனியாகப் பயணிப்பவர் குறிப்பு எழுத வேண்டும் என்பது கப்பல் விதி. கப்பலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கண்டெடுப்பவர் படித்துக்கொள்ளலாம்.

காற்று சரி. வெப்பம் சரி. சரக்கு: பம்பு உதிரிகள், விதைநெல், நான்.

போய்ச் சேர நவம்பர் ஆகும். அதுவரை ஒரு பருவத்தை வீணாக்க வேண்டாம் என்று என்னை அனுப்பிய கல்லூரி முதலாண்டுச் செய்முறை வகுப்பை இன்றே தொடங்கச் சொல்லிவிட்டது. தளத்தில் மாணவர்கள் மூன்று பேர். உரிமம் பெற்ற ஆய்வக ஆட்கள் இல்லாமல் அங்கே குடும்பங்கள் தொடர்ந்து வசிக்க அனுமதி கிடைக்காது. அவர்கள் அங்கேயே பிறந்தவர்கள். போக வேறு இடம் இல்லை.

நான் பேசுவது அவர்களுக்குக் கேட்க இருபது நிமிடம். அவர்கள் செய்வது எனக்குத் தெரிய இருபது நிமிடம். பயிற்றுநரின் நேரடி மேற்பார்வை இல்லாமல் மாணவர் ஆய்வகத்தில் நுழையக் கூடாது என்பது விதி. திரையில் பார்ப்பதும் நேரடிதான் என்று கல்லூரி எழுத்தில் கொடுத்திருக்கிறது.

வகுப்பு 1, பாதுகாப்பு. எல்லா ஊரிலும் சொல்வதையே சொன்னேன். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. முடியைக் கட்ட வேண்டும். உள்ளே எதையும் தின்னக் கூடாது. அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே. கண் கழுவும் குழாய் இங்கே, ஷவர் அங்கே, மணல் வாளி கதவருகே. உலோகம் எரிந்தால் மணல் மட்டும்.

மூவரில் மூத்தவன் கோமதிநாயகம், இருபத்தொன்று, பம்பு அறையில் வேலை. அவன் கேட்டான்: “மிஸ், ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்கள கேக்கணுமா, நாங்களே பாத்துக்கணுமா?”

“நீங்களே பாத்துக்கணும். அப்புறம் எனக்குச் சொல்லுங்க” என்றேன்.

மேற்பார்வைப் படிவத்தில் கையெழுத்திட்டேன்.


ஜூலை 17 | 09:40 | 18 நிமிடம்

வகுப்பு 3. அளத்தல். பிப்பெட், பியூரெட். அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் பியூரெட்டின் முனையில் துளி பெரிதாகத் தொங்கி, மனமில்லாமல் விழுகிறது. ஒரு துளியின் அளவை மாற்றிக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

மற்ற இருவரில் பிரிசில்லாவுக்குப் பதினெட்டு வயது. நான் சொல்வதில் ஒரு சொல்லையும் விடுவதில்லை, நான் இருமியதைத் தவிர எல்லாம் எழுதிக்கொள்கிறாள். ஹனீபாவுக்குப் பத்தொன்பது. கை வேகம். கண்ணாடியில் ஆவி படிகிறது என்று அடிக்கடி நெற்றிக்கு ஏற்றிவிடுகிறான். நான் கண்டிப்பது அவனுக்குக் கேட்கும்போது கண்ணாடி சரியான இடத்தில்தான் இருக்கிறது. “போட்டுதான மிஸ் இருக்கேன்” என்கிறான். மற்ற இருவரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு என்னிடம் வரும்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நானும் சிரித்திருக்க வேண்டும். கிளம்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கப்பலில் எதற்கும் அவசரம் இல்லை. அவசரம் இல்லாத இடத்தில் முகம் அசைவதற்கும் அவ்வளவாக வேலை இல்லை.


ஆகஸ்ட் 7 | 12:15 | 15 நிமிடம்

வகுப்பு 5. உப்பையும் மணலையும் பிரித்தல். குறிப்பிட எதுவும் இல்லை.

வகுப்பு முடிந்ததும் நாயகம் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். “மிஸ், எங்க தளம் வியாழனுக்கு முதுகு காட்டித்தான் இருக்கு. பொறந்ததுலேர்ந்து நான் அத நேர்ல பாத்ததே இல்ல. ஒங்களுக்கு ஜன்னல்ல தெரியுமே. கிட்ட வந்ததும் எப்படி இருக்குன்னு சொல்லுங்க. படம் வேண்டாம், படம் நிறையக் கெடக்கு. சொல்லுங்க.”

இப்போதைக்கு ஒரு புள்ளிதான் என்று பதில் அனுப்பினேன்.


ஆகஸ்ட் 21 | 10:02 | 13 நிமிடம்

வகுப்பு 7. சோடியம், தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கும் உலோகம். பாடத்திட்டத்தில் இருக்கிறது. பாதிப் பட்டாணி அளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்று நேற்றே சொல்லி அனுப்பினேன். மூவரும் கண்ணாடி அணிந்திருக்கிறார்கள்.

10:31

ஹனீபா வெட்டிய கத்தியை ஒரு தாளில் துடைத்தான். தாளில் துணுக்கு ஒட்டியிருக்கிறது. தாளைக் குப்பைத் தொட்டியில் போட்டான். சற்று முன்பு பிரிசில்லா மேசை துடைத்த ஈரத்துணியும் அதே தொட்டியில்தான் கிடக்கிறது.

ஒலிவாங்கியைத் திறந்து சொன்னேன்: “ஹனீபா, அந்தத் தாளைத் தொடாதே. எல்லாரும் தள்ளி வாங்க. சோடியக் குப்பியை மூடுங்க. மணல் வாளி. மணல் மட்டும்.”

10:33

தொட்டியில் தீ. அங்கே தீ நாக்கு நீட்டாது. உருண்டையாக, சோம்பலாக எழும். நாயகம் மற்ற இருவரையும் கதவுப் பக்கம் தள்ளினான். அது சரி. பிறகு தரை கழுவ வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கினான். பம்பு அறையில் எண்ணெய்த்துணி புகையும்போது தண்ணீர் ஊற்றி அணைத்தே பழகியவன். கை தானாகப் போயிருக்கும்.

“தண்ணி வேண்டாம். நாயகம், தண்ணி வேண்டாம்.”

இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. சோடியக் குப்பி திறந்தே இருந்தது. அடுத்து வெட்டுவது பிரிசில்லாவின் முறை. தண்ணீர் குப்பிக்குள்ளும் விழுந்தது.

திரை வெள்ளையாகிவிட்டது.

10:36

படம் திரும்பியது. எரியும் துளிகள் அறை முழுவதும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. விலகி நடக்கலாம் போல அவ்வளவு மெதுவாக. விலகி நடக்க வேண்டியவன் தரையில் கிடந்தான்.

10:44

தளப் பொறுப்பாளர் சண்முகவடிவும் இரண்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். மணல் போடுகிறார்கள். நாயகத்தைப் போர்வையில் சுற்றுகிறார்கள். பிரிசில்லாவுக்கும் ஹனீபாவுக்கும் காயம் இல்லை.

10:57

என் குரல் இப்போதுதான் அந்த அறைக்குள் போய்ச் சேர்ந்ததைத் திரையில் பார்க்கிறேன். “ஹனீபா, அந்தத் தாளைத் தொடாதே.” எல்லோரும் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். “மணல் மட்டும்.” பிறகு சிறிது அமைதி. அந்த அமைதியில் நான் இங்கே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, “தண்ணி வேண்டாம். நாயகம், தண்ணி வேண்டாம்.”

ஹனீபா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பிரிசில்லா ஒலிபெருக்கியைப் பார்த்துத் தலையாட்டினாள், வகுப்பில் ஆட்டுவது போலவே.


ஆகஸ்ட் 22 | 20:20 | 13 நிமிடம்

சண்முகவடிவிடமிருந்து: “மேடம், நாயகம் காலைல போய்ட்டான். கடைசி வரைக்கும் நினைவு திரும்பல. ஒங்களுக்குச் சொல்லணும்னு சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல.”

காற்று சரி. வெப்பம் சரி. இட்லிப் பொட்டலம் ஒன்று பிரித்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.


ஆகஸ்ட் 30 | 16:00 | 12 நிமிடம்

கல்லூரியின் முடிவு வந்தது. வகுப்பு தொடரும். மாணவர் தன் போக்கில் செய்த ஒரு செயலே விபத்தைப் பெரிதாக்கியது. இனி அப்படி நேராதபடி பயிற்றுநர் ஒரு விதி வகுக்க வேண்டும்.

வகுத்தேன். மூன்று வரி. “பயிற்றுநர் சொல்லும்வரை எதையும் செய்யக் கூடாது. விபத்து நேர்ந்தால் இருந்த இடத்திலேயே நின்று பயிற்றுநரிடம் கேட்க வேண்டும். பயிற்றுநர் சொல்லாமல் தண்ணீரைத் தொடக் கூடாது.”

கல்லூரி அன்றே ஒப்புதல் தந்தது. தளத்துக்கு வாசித்து அனுப்பினேன்.

சண்முகவடிவு: “மேடம், ஒங்க வார்த்த வந்து சேரவே பன்னெண்டு நிமிசம் ஆகுது. ஒங்களுக்கு விசயம் தெரியறதுக்கு அதுக்கு முந்தி ஒரு பன்னெண்டு. அதுவரைக்கும் புள்ளைங்க சும்மா நிக்கணுமா?”

எல்லாவற்றையும் நீர்த்த கரைசலாக மாற்றிவிட்டேன், நிற்க முடியாத அளவுக்கு இனி எதுவும் நடக்காது என்று பதில் சொன்னேன். உண்மையில் அது அவருக்குச் சொன்ன பதில் இல்லை. எரியும் துளிகள் இறங்கிய வேகம் கண்ணிலேயே நிற்கிறது. யாரும் எதையும் தூக்காமல், யாரும் எங்கும் ஓடாமல், எல்லோரும் அசையாமல் நிற்கும் ஓர் அறை வேண்டும் எனக்கு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.


செப்டம்பர் 18 | 17:30 | 9 நிமிடம்

வகுப்பு 9. மாணவர் இருவர். அமிலமும் காரமும், டைட்ரேஷன்.

“மூடியத் தொறக்கட்டா மிஸ்?” திற. “பிப்பெட்ட எடுக்கட்டா மிஸ்?” எடு. ஒவ்வொன்றுக்கும் போய்வர பதினெட்டு நிமிடம். அதுவரை கை அந்தரத்தில் நிற்கிறது. ஒரே ஒரு அளவீட்டுக்குக் காலை முதல் மாலை வரை ஆனது. ஒரு துளியும் சிந்தவில்லை. ஹனீபா நாள் முழுக்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. ஆவி படிந்து அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இருவருக்கும் முழு மதிப்பெண்.


செப்டம்பர் 25 | 11:20 | 8 நிமிடம்

பிரிசில்லா: “மூக்கு அரிக்குது மிஸ். சொறியட்டா?”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

“சொறிஞ்சுக்கோ” என்றேன். என் சொல் போய்ச் சேர்ந்ததும் சொறிந்துகொண்டாள். “தேங்க்ஸ் மிஸ்” என்றாள்.

அப்போதே எதையாவது செய்திருக்கலாம். அரிப்பு இவ்வளவு நேரம் நிற்குமா என்று மட்டும் யோசித்தேன்.


அக்டோபர் 9 | 11:40 | 6 நிமிடம்

வகுப்பு 12. அடுத்த பாடத்துக்கான காஸ்டிக் சோடா இருப்புக் கரைசல் தயாரித்தல். இது மட்டும் நீர்த்ததல்ல, தோலையும் கண்ணையும் அரிக்கும் செறிவு, பிறகு நீர்க்கச் செய்வதற்கானது. பாடம் முடிந்து பாட்டிலை மூடிவிட்டார்கள்.

ஹனீபா: “முடிஞ்சிட்டு மிஸ். கண்ணாடியக் கழட்டட்டா?”

“கழட்டலாம்” என்றேன்.

11:52

கழற்றினான். கையுறையைக் கழற்றவில்லை. கையுறையைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலையிலிருந்து கண்ணாடிக்குள் கிடந்த கண். புறங்கையால் நன்றாகத் தேய்த்தான். இரண்டு கண்ணையும்.

“கழுவு. ஹனீபா, குழாய்க்குப் போய்க் கழுவு. கேக்காதே. கழுவு.”

என் சொல் போய்ச் சேர ஆறு நிமிடம். சேர்ந்ததை நான் பார்க்க மேலும் ஆறு. உட்கார்ந்து பார்த்தேன். வேறு என்ன செய்ய. தளப் பொறுப்பாளரின் அலைவரிசையிலும் சொன்னேன், அதற்கும் அதே ஆறு நிமிடம்தான்.

அவன் குழாய்க்குப் போனான். தானாகப் போய்விட்டான். நெம்புகோலில் கை வைத்தான். பிரிசில்லா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொடாதலே! மிஸ் சொல்லட்டும்!”

“எரியுது பிரிசி.”

“நாயகம் அண்ணன் தண்ணிய ஊத்தித்தான போனான். சொல்லுவாங்க, நில்லு. மிஸ் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.”

அவன் கேமராவை நோக்கித் திரும்பினான். கண் மூடியிருந்தது. நீர் வழிந்தது. “மிஸ், கழுவட்டா?” திரும்பக் கேட்டான். பிறகும் கேட்டான். பிரிசில்லா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டான். நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, நெம்புகோல் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றான். எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

12:04

“கழுவு” என்று ஒலிபெருக்கி சொன்னது. அந்தச் சொல் முடிவதற்குள் அழுத்திவிட்டான். இவ்வளவு வேகமான பையன் அவன்.


அக்டோபர் 11 | 09:00 | 6 நிமிடம்

சண்முகவடிவு: “வலது கண்ணு போச்சு மேடம். எடதுல வெளிச்சம் தெரியுது, ஆளு நெழலாத் தெரியுதுங்கான். ஒரு நிமிசத்துல கழுவியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அது ஒங்களுக்கும் தெரியும். பிரிசில்லா இன்னும் என்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கா, நான் செஞ்சது சரிதானன்னு. நான் என்ன சொல்ல? நீங்க சொல்லுங்க.”

கல்லூரி: “பாதுகாப்பு விதி மாணவர்களால் முழுமையாகப் பின்பற்றப்பட்டுள்ளது. விதிமீறல் ஏதும் இல்லை. பாதுகாப்புக்கான மதிப்பெண்ணை இருவருக்கும் முழுமையாக வழங்கலாம்.”

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். பிறகு விதியை நீக்குவதாகத் தளத்துக்குச் சொன்னேன். “இனிமே எதுக்கும் என்னைக் கேக்காதீங்க. உங்களுக்குத் தோணுறதைச் செய்யுங்க. பிரிசில்லா, தப்பு உன்னோடது இல்ல. விதி என்னோடது.”

09:12

பிரிசில்லா: “சரி மிஸ். எப்பலேர்ந்து கேக்கக் கூடாது? இப்பத்துலேர்ந்தா மிஸ்?”


அக்டோபர் 24 | 14:00 | 4 நிமிடம்

அவர்களாகச் செய்யட்டும் என்று இன்று வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை. செய்முறையை நேற்றே அனுப்பியாயிற்று. இருவரும் வந்தார்கள். கண்ணாடி அணிந்தார்கள். ஹனீபா கட்டுப் போட்ட கண்ணுக்கு மேலேயே அணிந்துகொண்டான். மேசை முன் நின்றார்கள். மதியம் வரை நின்றார்கள். பிறகு சண்முகவடிவு வந்து சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.

போகும்முன் கேமராவிடம் சொன்னார்: “உத்தரவு கேக்காதேன்னு உத்தரவு போட்டுட்டு இருக்கீங்க மேடம். அதுங்க அதுக்கும் கீழ்ப்படிஞ்சுதான் நிக்குதுங்க.”

ஜன்னலில் வியாழன் கடுகு அளவுக்கு வந்துவிட்டது. கப்பல் தொலைநோக்கியில் பட்டைகள் தெரிகின்றன. பழுப்பு, வெளிர்மஞ்சள், மறுபடி பழுப்பு. கேட்டவன் இல்லை, அதனால் யாருக்கும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.


நவம்பர் 6 | 10:30 | 2 நிமிடம்

ஒரு விஷயம். சோறு சூடாக்கும் தட்டின் மேல் துணி கிடந்து புகைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். புகை நன்றாக எழுந்து எச்சரிக்கை மணி அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இது திரை இல்லை, என் கப்பல், என் துணி என்று. எழுந்து அணைத்தேன். நேரம் ஆகிவிட்டிருந்தது.

களைப்பாக இருக்கும். பதிவுக்காக எழுதுகிறேன்.


நவம்பர் 19 | 15:45 | தாமதம் இல்லை

கப்பல் தளத்தோடு இணைந்தது. பம்பு உதிரிகள் இறங்கின. விதைநெல் இறங்கியது.

சண்முகவடிவு நான் நினைத்ததைவிடக் குள்ளம். கை கொடுக்கவில்லை, என் பையை மட்டும் வாங்கிக்கொண்டார். பிரிசில்லா ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹனீபா என் குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்தான்.

“மிஸ், இது நீங்க இப்ப பேசுதியளா, இல்ல ஏற்கெனவே பேசுனதா?”

“இப்பதான் பேசுறேன்.”

“கையத் தாங்க” என்றான். கொடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, “ஆமா” என்றான்.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றைப் பல வாரமாக வைத்திருந்தேன். அது வரவில்லை. அவன் கை சூடாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு நான் தொட்ட முதல் மனிதன்.

நாயகத்தை வைத்த இடத்தைச் சண்முகவடிவு காட்டினார். தளத்துக்கு வெளியே, பனிக்குள். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியாமல், அவர் நகர்ந்ததும் நகர்ந்தேன்.

கப்பல் குறிப்பு இத்துடன் முடிய வேண்டும். பழக்கம் போகவில்லை. தொடர்கிறேன்.


நவம்பர் 27 | 11:00

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுக்கவும்.

வலது கை முழங்கை வரை கட்டு. விரல்கள் பிழைக்கும் என்று மருத்துவக் கருவி சொல்கிறது. ஆய்வகச் சாவியைச் சண்முகவடிவு நேற்று ஹனீபாவிடமும் பிரிசில்லாவிடமும் கொடுத்துவிட்டார். சரியான காரியம். இருவருக்கும் உரிமம் தரலாம், என் பெயரை ஆய்வகப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கல்லூரிக்கு எழுதிவிட்டேன். காரணம் கேட்பார்கள். காரணம் இதுதான்.

நவம்பர் 24, அவர்களோடு ஒரே அறையில் நான் எடுத்த முதல் வகுப்பு. சுடர்ச் சோதனை. உப்பு தொட்ட கம்பியை ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் சுடர் நிறம் மாறும். எளிய பாடம், குழந்தைகளுக்கும் காட்டலாம். அவர்கள் எதையும் தொட வேண்டாம், நான் செய்து காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். இங்குள்ள ஈர்ப்புக்கு என் கை இன்னும் பழகவில்லை. கம்பியை நீட்டும்போது விளக்கில் இடித்தேன். விளக்கு மெதுவாகச் சாய்ந்தது. ஸ்பிரிட் என் சட்டைக்கை மேல் பரவியது. தீ பிடித்தது.

பார்த்தேன்.

உருண்டையான, நீலம் கலந்த தீ. முழங்கை நோக்கி வந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது முழுவதும் எனக்குத் தெரியும், மனதுக்குள் வரிசையாக ஓடியது. துணியில் தீ. ஷவர். அல்லது போர்வை. வாயும் திறந்தது. சொல்லவும் சொன்னேன் என்று பிரிசில்லா பிறகு சொன்னாள்: “சட்டையைக் கழட்டு. தண்ணிக்குப் போ.” யாரோ ஒருத்திக்குச் சொல்வது போல், நிதானமாக. காலை எடுத்து வைக்கவில்லை. இது நடந்து முடிந்துவிட்டது, நான் பார்ப்பது பழைய படம், இனி ஓடிப் பயனில்லை என்று தோன்றியது. தோன்றியது என்பதுகூடச் சரியில்லை. அது ஒரு முடிவான விஷயமாக இருந்தது. வலித்தது. அந்த வலியும் எங்கிருந்தோ அனுப்பப்பட்டு வருவது போல் இருந்தது.

பிரிசில்லா என் முகத்தையே பார்த்தாள். என் வாயையே பார்த்தாள். தண்ணிக்குப் போ என்று நான் சொன்னது அவளுக்கா எனக்கா என்று அவளுக்குப் புரியவில்லை.

ஹனீபாவுக்கு என் முகம் தெரியாது. வெளிச்சம் மட்டும் தெரிந்திருக்கும், அது எப்போதும் இருக்கும் இடத்தில் இல்லை என்பதும் தெரிந்திருக்கும். பிறகு வாடை.

“ஏ பிரிசி, என்ன கருகுது?”

“மிஸ் கை... மிஸ் யாருக்குச் சொல்லுதாங்கன்னு தெரியல...”

“அவங்க என்ன சொல்லுதது!”

மேசையை இடித்துக்கொண்டு வந்தான். என் இடுப்பைப் பிடித்தான். இந்த ஈர்ப்பில் நான் ஒரு மூட்டை அளவுகூட இருக்க மாட்டேன். அப்படியே தூக்கிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவித் தடவி ஷவர் வரைக்கும் போனான். என் சட்டையின் தீ அவன் தோளிலும் பட்டது. ஷவர் சங்கிலியைத் தேடினான். கிடைத்தது. இழுப்பதற்கு முன்னால் ஒரு நொடி அவன் கை நின்றது. அதை என் முகத்துக்கு மிக அருகில் பார்த்தேன். எனக்குக் காத்திருக்கிறான் என்று நினைத்தேன். இல்லை. பிடியை மாற்றிக்கொண்டான். இழுத்தான்.

இங்கே தண்ணீர் உடனே விழாது. மேலிருந்து ஒரு பெரிய கட்டியாகத் திரண்டு, நேரம் எடுத்துக்கொண்டு இறங்கும். பிரிசில்லா கத்தினாள். அவன் என்னைப் பிடித்தபடி, கட்டுப் போட்ட முகத்தை மேலே தூக்கி, தண்ணீர் வந்து சேரும்வரை நின்றான். வந்தது. அணைந்தது.

அவன் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் முழுக்க நனைந்திருந்தோம். பிரிசில்லா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள், சண்முகவடிவைக் கூப்பிட. யாரும் போகச் சொல்லவில்லை, அவளாகவே ஓடினாள்.

ஹனீபா என் தோளைத் தேடிப் பிடித்தான். “மிஸ். மிஸ், கேக்குதா? ஒங்களுக்கு ஒண்ணும் இல்லேல்ல? ஏதாச்சும் பேசுங்க மிஸ்.”

கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.